குதிரைமசால் மஞ்சளடித்த வருஷம்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போன மாதம் ஒரு காலை என் மகள் ரோஸி, பத்து வயது முடியப்போகிறவள், பால் டம்ளரை ஒற்றை விரலால் தள்ளிவிட்டு, "வேணாம்மா, நாறுது" என்றாள். எனக்குச் சுருக்கென்று வந்தது. "நீ பொறந்தப்போ குடிச்ச பால் யார் ஊட்டுப் பால் தெரியுமா? அந்த மாடு இன்னா துன்னுச்சு தெரியுமா? அதை வெளைய வெக்க எத்தினி பேரு மண்ணு சொமந்தாங்க" என்று ஆரம்பித்தேன். வாசலில் பள்ளிக்கூட ஆட்டோ ஹாரன் அடித்தது. அவள் ஓடிவிட்டாள். நான் பாதிப் பேச்சோடு அடுப்படியில் நின்றேன். மீதிப் பாதியைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஆக, இது நன்றி சொல்வதற்காக எழுதப்படும் கதை. இதில் ஒரு தொல்லை உண்டு. கதை என்றால் யாராவது யாருக்காவது கெடுதல் செய்ய வேண்டும். நன்றி என்றால் எல்லாரும் நல்லவர்களாக இருந்து தொலைக்க வேண்டும். இரண்டையும் ஒரே வீட்டில் குடிவைப்பது கஷ்டம். நான் ஆவடியில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நடத்துகிறவள். ஆண்டு விழாவில் நன்றியுரை எப்போதும் என் தலையில்தான் விழும். நான் மைக்கைப் பிடித்ததும் பாதி நாற்காலி காலியாவதைப் பார்த்தவள் என்பதால் சொல்கிறேன்.

நீங்கள் உட்கார்ந்திருங்கள். இதில் ஒரு பொய்யும் வருகிறது.

2

முதல் தொடக்கம்: "கோவில்பதாகை ஏரியின் மேல் சூரியன் பொன்னை வாரி இறைத்துக்கொண்டிருந்த ஒரு"

அடித்துவிட்டேன். இந்தக் கதையில் காரியத்தைக் கெடுத்ததே சூரியன்தான். முதல் வரியிலேயே அதற்கு மாலை போட எனக்கு மனம் வரவில்லை.

இரண்டாவது தொடக்கம்: "குதிரைமசாலின் மகசூல் பல காரணிகளைப் பொறுத்தது. மண்ணில் உவர் இருக்கக் கூடாது. தண்ணீர் தேங்கக் கூடாது. பூ எட்டிப் பார்க்கும் சமயத்தில் அறுக்க வேண்டும். முந்தினால் வேர் இளைக்கும், பிந்தினால் தண்டு விறகாகும். அடியோடு மழிக்காமல் இரண்டு மூன்று விரற்கடை விட்டு அறுத்தால்"

இது வானொலியில் காலை நேரத்தில் கேட்பதுபோல இருக்கிறது. ஆனால் இதில் ஒரு வரியும் பொய்யில்லை என்பதால் அடிக்காமல் விடுகிறேன்.*

* குதிரைமசாலைப் பார்க்காதவர்களுக்கு: மூன்று மூன்று இலையாக வெந்தயக்கீரையின் அக்காபோல இருக்கும், ஊதாப் பூ பூக்கும். குதிரை என்று பெயரில் இருந்தாலும் மாடு குதிரையை விட ஆசையாகத் தின்னும். ஒரு தடவை விதைத்தால் அறுக்க அறுக்க மூன்று நான்கு வருஷம் தழைக்கும்.

மூன்றாவது தொடக்கம்: "சாமுண்டீஸ்வரி முதன்முதலாகத் தன் இஷ்டத்துக்கு ஒரு பயிர் வைத்தாள்."

இதுதான். இதைப் பிடித்துக்கொண்டு போகிறேன்.

3

திருமுல்லைவாயிலில் அப்போது நாங்கள் மூன்று குடும்பம் ஒரே காம்பவுண்டில் இருந்தோம். ஒரு அடிபம்பு, ஒரு மொட்டைமாடி. முன் வீட்டில் சகாயமேரி. எல்லாரையும் விட மூத்தவள், எங்களுக்கு மேரிக்கா. வீட்டுக்காரருக்கு அண்ணனூர் ரயில் ஷெட்டில் வேலை. நடுவில் நானும் என் கணவரும். பின்னால் சாமுண்டி அக்காவும், அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிப்டு வேலை பார்த்த அவள் கணவர் தங்கவேலும், ஒரு செவலைப் பசுவும்.

அந்தப் பசு வைக்கோலும் தவிடும் தின்றதற்கு மேல் ரயில்வே ஸ்டேஷன் சுவரில் ஒட்டிய சினிமா போஸ்டர்களையும் தின்று வளர்ந்தது. பசை காயும் முன் போய் நிற்கும். பாலும் அந்த லட்சணத்தில்தான் இருந்தது.

சாமுண்டி அக்காவின் அம்மா வேம்புலியம்மாள் வாழ்நாள் முழுக்க அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர். "எங்கம்மாவை யாரும் இன்னா போடலாம்னு கேட்டதே இல்ல ஹில்டா. நடுன்னா நடும், அறுன்னா அறுக்கும்" என்று சாமுண்டி அக்கா ஒரு தடவை சொன்னாள். அழுதுகொண்டெல்லாம் சொல்லவில்லை, சாணி தட்டிக்கொண்டே சொன்னாள். அவளுக்கு ஒரு துண்டு நிலம் வேண்டும், அதில் என்ன போடுவது என்பதை அவள் முடிவு செய்ய வேண்டும். ஆசை இவ்வளவுதான்.

எண்பத்தெட்டாம் வருஷம் அது நடந்தது. கோவில்பதாகையில் பார்த்தசாரதி என்பவருக்கு அரை ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவாக நிலமும் கிணறும் இருந்தன. சுற்றிலும் மனை போட்டு விற்றுக்கொண்டிருந்தார்கள். அவர் சொன்னார்: "ஒரு வருஷம் பாரும்மா. பயிர் நல்லா வந்துதுன்னா இன்னும் மூணு வருஷம் நீயே வெச்சுக்க. வரலைன்னா நானும் கல்லு நட்டுடுவேன். சும்மா போட்டு வெக்க முடியாது, பசங்க கேக்குறாங்க."

(இந்த இடத்தில் பார்த்தசாரதியை வில்லனாக்கிப் பார்த்தேன். விரலில் கல் மோதிரம் போட்டேன், மீசையை முறுக்கிவிட்டேன். ஒட்டவில்லை. கிணற்றுத் தண்ணீரைச் சும்மா கொடுத்த மனுஷன். மோதிரத்தைக் கழற்றிவிட்டேன்.)

4

பால் சங்கத்துக் கூட்டத்துக்கு வந்த விவசாய அலுவலர் ஜெயராமன்தான் குதிரைமசாலைப் பற்றிச் சொன்னார். இந்தப் பக்கத்து வெயிலும் மழையும் அதற்கு ஒத்துக்கொள்ளுமா என்று அவருக்கே சந்தேகம். "பாத்துடலாம்" என்றார். விதையும் கூடவே கறுப்பாக ஒரு பொடிப் பொட்டலமும் வாங்கிக் கொடுத்தார். அது நுண்ணுயிர். அரிசிக் கஞ்சியில் கரைத்து விதையைப் புரட்டி, நிழலில் உலர்த்தி, மறுநாளே விதைத்துவிட வேண்டும். அந்தப் பூச்சிகள் வேரில் முடிச்சு முடிச்சாகக் குடியிருந்து, காற்றிலிருந்து பயிருக்குச் சத்து எடுத்துக் கொடுக்கும். இது இல்லாமல் குதிரைமசால் தேறாது என்றார்.

சாமுண்டி அக்கா அப்படியே செய்தாள். விதையைப் புரட்டி, மாடிப்படிக்கு அடியில் நிழலில் சாக்கு விரித்துப் பரப்பிவிட்டு, என்னையும் கூட்டிக்கொண்டு ரேஷன் கடைக்கு வந்தாள்.

திரும்பி வரும்போது நல்ல வெயில். கேட்டில் நுழைந்ததும் இரண்டு பேரும் மேலே பார்த்தோம். மொட்டைமாடியில் மேரிக்கா. மாசி பிறந்தால் அவள் வடகம் போடாமல் இருக்க மாட்டாள். ஒரு பக்கம் வெள்ளைப் புடவையில் வடகம். இன்னொரு பக்கம் அவளுடைய நல்ல நூல் புடவையில் எங்கள் விதை, விரலால் கோடு கோடாகக் கிளறி, சீராகப் பரப்பியிருந்தாள். கஞ்சி பட்ட எதையும் நிழலில் காயவிட்டால் நாறிப்போகும் என்பது மேரிக்காவின் வேதம்.

"பாவம், படிக்கட்டுக்குக் கீழ கெடந்தா புழு வெச்சிடும்னு தூக்கிகினு வந்து போட்டுட்டேன்டி" என்று மேலிருந்து சத்தம் கொடுத்தாள்.

சாமுண்டி அக்கா சிரித்தாள். "பாரேன், நம்ம வேலையையும் சேத்து இழுத்து போட்டுகினு செய்யுது" என்றாள் என்னிடம். நிழல் என்று ஜெயராமன் சொன்னது எங்கள் இருவருக்கும் நினைவில் இருந்தது. ஆனால் வெயிலில் ஒரு விதை கெட்டுப்போகும் என்று எங்களுக்கு யார் சொன்னது? நெல்லிலிருந்து மிளகாய் வரை எல்லாவற்றையும் வெயிலில் போட்டே பழகியவர்கள் நாங்கள்.

மாலையில் மேரிக்கா விதையை வழித்து, ஒரு மணி சிந்தாமல் கட்டிக் கொடுத்தாள். மொறுமொறுவென்று காய்ந்திருந்தது.

5

பயிர் முளைத்தது. அழகாகத்தான் முளைத்தது. பிறகு மஞ்சளடித்தது.

முதலில் கீழிலைகள். பிறகு எல்லாம். சாண் உயரத்தில் அப்படியே நின்றுவிட்டது. பக்கத்து மனையில் செங்கல் இறக்க வந்தவர்கள்கூட நின்று பார்த்துவிட்டு, "இன்னாக்கா, பயிருக்கு மஞ்சக்காமாலையா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். சாமுண்டி அக்கா தண்ணீரைக் கூட்டிப் பார்த்தாள், குறைத்துப் பார்த்தாள். உட்கார்ந்து உட்கார்ந்து களை எடுத்தாள். மஞ்சள் நூலாகப் படரும் கொத்தான் என்ற களை வந்திருக்கிறதோ என்று ஒவ்வொரு செடியாகப் பிரித்துப் பார்த்தாள். அதுவும் இல்லை. பார்த்தசாரதி ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் ஒரு நாள் இரண்டு பேர் டேப் பிடித்து வரப்பை அளந்துகொண்டிருந்தார்கள்.

அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை. "எனக்கு வராது போல ஹில்டா. எங்கம்மாவுக்கு அடுத்தவங்க சொன்னதை நட்டதால வந்துச்சு. நானா நட்டா வரல" என்றாள். என் வயிற்றில் அப்போது ரோஸி.

நான்தான் பால் சங்கத்துக்குப் போய் ஜெயராமனைக் கையோடு அழைத்து வந்தேன்.

6

இந்தப் பகுதியை நான்கு தடவை எழுதிவிட்டேன். ஒவ்வொரு தடவையும் எனக்கு நல்ல வசனம் வந்து விழுந்துவிடுகிறது. நிஜத்தில் நான் பேசவே இல்லை. நடந்ததை மட்டும் வைக்கிறேன்.

நிலத்தில் நாங்கள் நால்வர்: ஜெயராமன், சாமுண்டி அக்கா, தங்கவேல், நான். மேரிக்காவும் எங்களோடு வந்திருந்தாள், ஆனால் அந்தக் கோடியில் கிணற்றடியில் பார்த்தசாரதியோடு பேசிக்கொண்டு நின்றாள்.

ஜெயராமன் ஒரு செடியை மண்ணோடு பெயர்த்தார். வேரைத் தண்ணீரில் அலசினார். இன்னொன்று. இன்னொன்று.

"முடிச்சே இல்லையேம்மா. ஒண்ணுகூட இல்ல. பொடி கலந்தீங்களா?"

"கலந்தேன் சார்."

"எங்க ஒலத்துனீங்க?"

சாமுண்டி அக்கா கிணற்றடிப் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். அவளுக்கு அந்த நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது, எனக்கும்தான்.

"மாடில சார். வெயில்ல. நான்தான் போட்டேன்."

"வெயில்லயா? நிழல்னு சொன்னேனேம்மா. வெயில் பட்டா அது செத்துடும்."

"வடகம் போட்டேன். அது கூடவே இதையும் பரத்திட்டேன். புத்தி இல்லாம பண்ணிட்டேன் சார்."

தங்கவேலுக்கு ஏறிவிட்டது. "வெதையப் போயி யாராச்சும் வடகம் மாரி காய வெப்பாங்களாடி? ஆபீசரு தலைபாடா அடிச்சிகினாரு இல்ல? உனக்கு இன்னாத்துக்கு நெலம்?" என்று கத்தினார். நல்ல மனிதர், ஆனால் மெஷின் சத்தத்தில் வேலை பார்த்துப் பார்த்து அவருக்கு மெதுவாகக் கத்தத் தெரியாது. சாமுண்டி அக்கா தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டாள். நிலம் கையை விட்டுப் போகிற நேரத்தில், அது தன் தப்பினால்தான் போகிறது என்று கட்டிய புருஷன் கத்துவதை, ஒரு வார்த்தை எதிர்ப்பேச்சு இல்லாமல் வாங்கிக்கொண்டாள்.

வரும் வழியில், மேரிக்கா முழங்கால் வலியோடு பின்தங்கியபோது, எங்கள் இருவரையும் நிறுத்திச் சொன்னாள்: "மேரிக்கா கேட்டா மண்ணு சரியில்லன்னு சொல்லிடுங்க. வெயிலு கியிலுன்னு எதுவும் வாணாம்." பிறகு தங்கவேல் முன்னால் போனதும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "தெரிஞ்சா அது நொந்துடும் ஹில்டா. ஆசையா செஞ்சுது. நம்ம ரெண்டு பேரும் பாத்துகினுதானே இருந்தோம்?"

7

ஜெயராமன் ஒரு வழி சொல்லியிருந்தார். இந்த மண்ணில் இதுவரை குதிரைமசால் விளைந்ததில்லை, அதனால் அந்த உயிர் இங்கே இல்லை. ஏற்கனவே விளையும் நிலத்திலிருந்து மேல்மண்ணைக் கொண்டுவந்து தூவித் தண்ணீர் விட்டால் ஒருவேளை பிடிக்கலாம். திருநின்றவூரில் ஒரு மாட்டுப்பண்ணையில் பழைய வயல் இருக்கிறது. ஈர மண்ணாக எடுக்க வேண்டும். வெயில் துளி படக் கூடாது.

லாரி வைக்க யாருக்கு வசதி? எலக்ட்ரிக் டிரெயின் இருந்தது.

இப்படித்தான் அந்தச் சித்திரையில் எங்கள் காம்பவுண்டே திருநின்றவூருக்கும் அண்ணனூருக்குமாக மண் சுமந்தது. உரச் சாக்கு, மாவு டின், என் இன்ஸ்டிட்யூட்டின் பழைய டைப்ரைட்டர் பெட்டி, எல்லாவற்றிலும் மண். தங்கவேல் ஷிப்டு முடிந்து அப்படியே வருவார். என்னை மட்டும் யாரும் தூக்க விடவில்லை. "நீ ஏற்கனவே ஒண்ணு சொமக்குற" என்று மூட்டைக்குக் காவல் வைத்தார்கள். ஒரு டிக்கெட் பரிசோதகர் சாக்கைத் தட்டி, "என்னம்மா இது?" என்றார். "மண்ணு சார்." "மண்ணா? ஆவடில மண்ணு இல்லையா?" "கீது சார். ஆனா அதுக்கு உசுரு இல்ல" என்றாள் சாமுண்டி அக்கா. அவர் எங்கள் டிக்கெட்டையே பார்க்காமல் போய்விட்டார். அவருக்கும் நன்றி.

மேரிக்கா ஒரு நாளும் தவறவில்லை. முழங்கால் வலிக்காரி, அண்ணனூர் படிக்கட்டில் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறுவாள். பிளாட்பாரத்தில் வெயில் கொளுத்தும்போது குடையை விரித்து மண் மூட்டைக்குப் பிடித்துக்கொண்டு, தான் வெயிலில் நிற்பாள். நான்கூடச் சிரித்தேன். "மேரிக்கா, மண்ணு கறுத்துடாது, நீ கறுத்துடுவ." "ஆபீசர் சொன்னாரு இல்ல, வெயிலு படக் கூடாதுன்னு" என்றாள், என்னைப் பார்க்காமல்.

பொழுது சாயும்போது மண்ணைத் தூவி, உடனே கிணற்றுத் தண்ணீரைப் பாய்ச்சினோம்.

8

பிடித்துக்கொண்டது.

ஒரே நாளில் இல்லை. முதலில் ஒரு மூலை, பிறகு வாய்க்கால் ஓரம், வைகாசி கடைசியில் பாதி நிலம். ஜெயராமன் வேரைப் பிடுங்கிக் காட்டினார். கடுகளவு ரோஸ் நிற முடிச்சுகள். சாமுண்டி அக்கா அந்த வேரைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாள். முதல் அறுப்பு சுமார். அடுத்தது பரவாயில்லை. அதற்கடுத்து இடுப்பளவு. பார்த்தசாரதி வந்து பார்த்தார், ஒரு கொத்தைக் கிள்ளி முகர்ந்தார். "கல்லு மூணு வருஷம் கழிச்சு நட்டுக்கலாம்" என்று மகன்களிடம் சொல்லிவிட்டார். மழைக்காலத்தில் தண்ணீர் தேங்காமல் சுற்றிலும் கால்வாய் வெட்டினோம். அது தனிக் கதை, விடுங்கள்.

ரோஸி ஆடியில் குறைமாதத்தில் பிறந்தாள். ஒரு கைக்குள் அடங்குகிற எலிக்குஞ்சு. எனக்குப் பால் ஊறவில்லை. டாக்டர் சொன்ன டப்பாப் பால் அவளுக்கு ஒத்துக்கொள்ளவே இல்லை, குடித்ததெல்லாம் வெளியே வந்தது. கடைசியில் அவரே பசும்பாலை நீர்த்துக் காய்ச்சிக் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். சாமுண்டி அக்கா தினமும் மடியைக் கழுவி, முதல் செம்பை எங்கள் வீட்டில் வைத்துவிட்டுத்தான் மற்ற வீடுகளுக்குப் போனாள். போஸ்டர் தின்ற காலத்துப் பால் இல்லை அது. ரோஸி தங்கினாள். இதற்கு மேல் இதை அழகாகச் சொல்ல எனக்கு வேண்டாம். என் மகள் உயிரோடு இருக்கிறாள். சாமுண்டி அக்கா, உனக்கு நன்றி.

9

இங்கேயே முடித்திருக்கலாம். ஆனால் ஒரு சிக்கல்.

இதை அச்சில் பார்த்தால் மேரிக்கா படிப்பாள். நான் எழுதுவதை எல்லாம் கண்ணாடி போட்டுக்கொண்டு படிக்கும் ஒரே வாசகி அவள்தான். படித்தால் பயிரைக் கெடுத்தது தன் கை என்று தெரிந்துகொள்வாள். சாமுண்டி அக்கா பத்து வருஷமாக மூடி வைத்ததை நான் ஒரு கதைக்காகத் திறந்துவிட்டவள் ஆவேன். நன்றி சொல்கிறேன் என்று கிளம்பி, அவள் செய்ததையே கலைக்கலாமா?

சரி, மாற்றி எழுதலாம். வெயிலை எடுத்துவிட்டுக் கொத்தான் களையை வைத்தேன். களை வந்தது, பிடுங்கினார்கள், பயிர் தேறியது. கதை நன்றாக ஓடியது. ஆனால் அதில் சாமுண்டி அக்கா வெறுமனே களை எடுக்கிறாள். அவள் தலை குனிந்து வாங்கிய திட்டு அதில் இல்லை. நான் நன்றி சொல்ல வந்ததே பாலுக்கு மட்டும் இல்லை, அந்தக் குனிந்த தலைக்கும்தான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

இன்னொரு முடிவு: மேரிக்கா கிணற்றடியிலிருந்து ஓடி வந்து, "சார், நான்தான்" என்று அழுகிறாள், இருவரும் கட்டிக்கொள்ள

வேண்டாம். அப்படி நடக்கவில்லை.

10

நேற்று ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து வந்திருந்த மேரிக்காவிடம் போனேன். அவள் இன்னும் அதே முன் வீட்டில்தான் இருக்கிறாள். சாமுண்டி அக்கா அடுத்த தெருவில் இரண்டு அறை கட்டிக்கொண்டு போய்விட்டாள். "ஒரு கதை எழுதிகினு கீறேன் மேரிக்கா. நீ வர்ற. வாணாம்னா கிழிச்சிடறேன்" என்று சொல்லிவிட்டு, வாசித்தேன். மொட்டைமாடி வந்தது. ஜெயராமன் வேரை அலசினார். "நான்தான் போட்டேன்" என்ற வரிக்கு வந்ததும் தாளை மடியில் வைத்துவிட்டேன்.

"நிறுத்துனா எப்படி? தங்கவேலு கத்துனதையும் படி" என்றாள்.

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"அந்த மனுசன் கத்துனா ஆவடிக்கே கேக்கும். கிணத்தாண்ட கேக்காதா? வெதைய வடகம் மாரி யாராச்சும் காய வெப்பாங்களான்னுச்சு. கேட்டதும் எனக்கு எல்லாம் புரிஞ்சுபோச்சு. ஓடி வந்து சொல்லணும்னுதான் பாத்தேன். அவ தலைய குனிஞ்சிகினு நிக்கிறா. நான் வந்து சொன்னா அவ ஆபீசர் முன்னாடி பொய்க்காரியா நிப்பா. சரி, ஊட்டுக்கு போயி சொல்லலாம்னு இருந்தேன். ஊட்ல அவ வந்து, 'மண்ணு சரியில்லக்கா'ன்றா. மூஞ்சிய பாத்து சொல்றா. நான் இன்னா சொல்றது?"

"பத்து வருசமா தெரியுமா உனக்கு?"

"தெரியாம இன்னா. அவ எனக்கு தெரியாதுன்னு நெனச்சிகினு இருந்தா. சரி, அவளுக்கு அதுல ஒரு நிம்மதின்னு நானும் உட்டுட்டேன். நாளு போயிடுச்சு." கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்தாள். "மன்னிச்சுக்கோன்னு எல்லாம் கேக்க மாட்டேன்டி. அவ அப்பவே மன்னிச்சிட்டா. ஆனா நான் ஒரு தேங்க்ஸ் சொல்லல பாரு. எத்தினி வருசம் அவ ஊட்டு பால குடிச்சிகினு ஒரு வார்த்த சொல்லல."

"நான் எழுதுறதுல சொல்லிடவா?"

"நீ உன் தேங்க்ஸ எழுது. என்னுத நானே சொல்லிக்கறேன்."

எழுந்தாள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு, சுவரைத் தாங்கி, கேட்டைத் திறந்தாள். நான் தாள்களைச் சுருட்டிக்கொண்டு தெருமுனை வரை பின்னால் போனேன். சாமுண்டி அக்கா வீட்டுக் கதவு திறந்தது. "வாக்கா, இன்னா வெளியவே நிக்கிற? உள்ள வா" என்றாள்.

"இல்லடி, உள்ள வர்றதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடணும். அந்த வெதைய"

இந்த வாக்கியத்தை நான் அடிக்கவில்லை. இதற்கு மேல் கேட்காமல் திரும்பி வந்துவிட்டேன், அவ்வளவுதான். கொஞ்ச நேரம் நின்றிருந்தால் இந்தக் கதைக்கு நல்ல முடிவு ஒன்று கிடைத்திருக்கும், எனக்குத் தெரியும். ஆனால் அது எனக்குச் சொல்லப்பட்ட வார்த்தை இல்லை. மிச்சத்தை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். நீங்கள் யாருக்கு நன்றி சொல்லாமல் விட்டீர்களோ, அவரை அந்தக் கதவருகே நிறுத்திவைத்து எழுதுங்கள். வார்த்தை தானாக வரும்.